வாலிபர்களும் பங்குக் கோயிலும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரங்களில் பெற்றோர்களும் உபதேசியார்களும் வாலிபர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சார்ந்த விசுவாசிகளின் வட்டாரத்தில், பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன். ஆகவே கத்தோலிக்க நடைமுறையைப் பற்றிக் கூடுதலாகவும், மற்ற சபைகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரனின் அறிவோடும் எழுதுகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் விசுவாசத்தையே விட்டுவிட்டார்களா?

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு காலைத் திருப்பலியில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினர் குறைந்திருப்பது உண்மைதான். பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாலே தெரியும். ஆனால் அதே பிள்ளைகள் ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும்போது கூட்டத்தில் நிற்கிறார்கள். தேர்வுக்கு முன்னால் பூண்டி மாதாவிடம் போய் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்குக் கோயம்புத்தூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்து வந்து, தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்துவிட்டு அன்றிரவே திரும்பிப் போகிறார்கள். மெலிந்திருப்பது பிறந்த பங்கோடு வாரந்தோறும் இருந்த பழக்கம். ஆண்டவரோடு அவர்களுக்குள்ள உறவு எவ்வளவு மெலிந்தது என்பதை வருகைப் பதிவைப் பார்த்து யாரும் அளந்துவிட முடியாது.

காவிரிப் படுகையில் எந்தெந்தச் சபைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. படுகையில் கத்தோலிக்கர்களுக்கு 1899-ல் அமைந்த கும்பகோணம் மறைமாவட்டமும் 1952-ல் அமைந்த தஞ்சாவூர் மறைமாவட்டமும் இருக்கின்றன. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில் வேர்விட்ட லுத்தரன் மரபு, 1919 முதல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் இயங்குகிறது. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு இங்கே திருச்சி-தஞ்சாவூர் திருமண்டலம் உண்டு. இவை போக, திருமண மண்டபத்தின் மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கூடுகிற பெந்தெகொஸ்தே சபைகள் ஏறக்குறைய எல்லாச் சிறு நகரங்களிலும் இருக்கின்றன.

வேளாங்கண்ணிக்கு நூறு கிலோமீட்டர் நடக்கிறவன், தெருக்கோடியிலுள்ள பங்குக் கோயிலுக்கு ஏன் வருவதில்லை?

பெற்றோர்கள் கோபத்தோடு கேட்கிற கேள்வி இது. இதற்குள்ளேயே பாதி விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

நேர்ச்சை என்பது நடப்பவனுக்கும் மாதாவுக்கும் இடையிலான கணக்கு. அந்த வழியில் யாரும் அவனிடம் கோயில் வரி கட்டிவிட்டாயா என்று கேட்பதில்லை, எந்தத் தெரு என்று விசாரிப்பதில்லை, போன வாரம் ஏன் வரவில்லை என்று அதட்டுவதும் இல்லை. காவித் துணி உடுத்தி உடன் நடப்பவர்களில் கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இருப்பார்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. சிறு தேரைத் தள்ளுவது, விளக்குக்கு ஜெனரேட்டர் ஏற்பாடு செய்வது, இரவில் தங்கப் பள்ளிக்கூடத் திண்ணை கேட்பது, கால் கொப்புளத்துக்கு மருந்து வாங்கி வைப்பது, ஐம்பது பேருக்குச் சாம்பார் சாதம் கிண்டுவது என்று எல்லாப் பொறுப்பையும் அந்தப் பிள்ளைகளே ஏற்று முடிக்கிறார்கள். வரவு செலவு எழுதும் நோட்டும் அவர்கள் கையில்தான் இருக்கும்.

ஊர்த் திருவிழாவில் அதே பையனுக்குக் கிடைப்பது சீரியல் பல்பு கட்டுகிற வேலை மட்டுமே. எந்த நாள் கொடியேற்றம், எந்தப் பாதையில் தேர் பவனி, மிச்சப் பணத்தில் கூரையைச் செப்பனிடுவதா ஒலிபெருக்கி வாங்குவதா என்பதையெல்லாம் முடிவு செய்கிற கூட்டத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒரு தலையும் தெரியாது. திருவிழாக் குழுவில் முப்பது வயதுக்கு உட்பட்ட இருவருக்கு, அவர்களில் ஒருவர் பெண்ணாக, கையெழுத்திடும் உரிமையோடு இடம் கொடுத்த பங்குகளில் இந்தக் கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை.

வேலைக்காகத் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்?

படுகையிலிருந்து படித்து வெளியேறுகிற தலைமுறை இது. குறுவையும் சம்பாவும் போட நிலம் இருந்தாலும், அந்த வருமானம் ஒரு குடும்பத்துக்குப் போதாமல் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். எனவே இந்தக் கேள்வி வெறும் சட்டக் கேள்வி என்று ஒதுக்கத்தக்கது அன்று.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலோ ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தாலோ அங்கே ஒருவருக்கு நிலைக் குடியுரிமை வந்துவிடும். குறைந்தது மூன்று மாதம் தங்கும் எண்ணம் இருந்தாலோ, உண்மையில் மூன்று மாதம் தங்கிவிட்டாலோ, அரைக் குடியுரிமை என்று சொல்லத்தக்க ஒன்று வந்துவிடும். இரண்டில் எது இருந்தாலும் அந்த இடத்தின் பங்குத்தந்தை அவருக்கும் பங்குத்தந்தையே. ஆகவே பனியன் கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பெண், "இது என் ஊர்க் கோயில் இல்லை" என்று கூச்சப்படத் தேவையில்லை. விடுதிக்கு அருகிலுள்ள கோயில் அலுவலகத்தில் பெயரைச் சொல்லி, இன்ன நாளில் வந்தேன் என்று பதிந்துகொள்ளலாம். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. அங்கே முகம் தெரியாதவராகவும் இங்கே வராதவராகவும் இரண்டு கோயில்களுக்கு நடுவில் பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன. ஊரைவிட்டுப் போகும்போதே, போகுமிடத்துப் பங்கின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தனுப்புகிற ஒரு குருவானவரை எனக்குத் தெரியும். செலவில்லாத வேலை, மற்றவர்களும் செய்யலாம்.

பிறந்த பங்கின் ஏடு மட்டும் மாறுவதில்லை. திருமுழுக்குப் பெற்ற கோயிலின் பதிவேட்டில்தான் பின்னால் வரும் உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்படும். எங்கே போனாலும் அந்த ஒரு வரி ஊரில் இருக்கும். இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்வியில் மறுபடியும் அதற்கு வருகிறேன்.

லுத்தரன் வீட்டுப் பிள்ளை பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறது. தடுக்கலாமா?

தடுப்பதற்கு முன்னால் அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வேலை போன வாரத்தில் வீட்டுக்கு வந்து பெயர் சொல்லி ஜெபித்தார்கள் என்பார்கள். வந்த இரண்டாம் மாதமே டிரம்ஸ் வாசிக்கச் சொன்னார்கள் என்பார்கள். முந்நூறு ஆண்டுப் பெருமை பேசுகிற நம் கோயில்களில், புதிதாக வந்தவரை வாசலில் நின்று வரவேற்க ஆள் வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது?

ஒன்றை மட்டும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தச் சபைகள் பலவற்றில் முழுக்கு ஞானஸ்நானம் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கைச் செல்லாது என்று கருதுவது கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் தென்னிந்தியத் திருச்சபையினருக்கும் ஏற்புடையது அன்று. பாட்டும் ஜெபமும் கேட்டு வருவது வேறு, இந்தப் படியைத் தாண்டுவது வேறு. தாண்டிய பிறகு குடும்பக் கல்லறையில் இடம் உண்டா என்பது வரைக்கும் சண்டை போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தெரிந்து முடிவெடுப்பதானால் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த உரிமை உண்டு.

சாதியால் வாலிபர்கள் வெளியேறுகிறார்களா?

வெளியேறுகிறார்கள். இதை மழுப்பி எழுதுவதில் பயனில்லை.

இது நேற்று வந்த நோயும் அன்று. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்து நின்றார்கள். ஒரு பகுதியினர் சாதி விஷயத்தில் தளர்வாக இருந்த லுத்தரன் மிஷனுக்குப் போனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை ஆதரித்தவர்களில் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை உருகிப் பாடுகிற நாம் இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவர்களே படித்துத் தெரிந்துகொள்ளும்போது நம்மீதுள்ள நம்பிக்கை இரட்டிப்பாக உடைகிறது. தனித் தேர், தனித் தெரு, கல்லறைத் தோட்டத்துக்குள் தடுப்புச் சுவர் ஆகியவை இன்னும் முழுதாக ஒழியவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள்ளும் தீண்டாமையும் பாகுபாடும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. காகிதத்தில் ஒப்புக்கொண்டது ஊர்க் கல்லறைச் சுவர் வரை வந்து சேரவில்லை என்பதுதான் தலித் வாலிபர்களின் வருத்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்து, பின்னர் 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். எனவே சான்றிதழில் இந்து, கோயிலில் கிறிஸ்தவர் என்ற இரட்டை வாழ்க்கை பல வீடுகளில் தலைமுறையாக நடக்கிறது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், திருமுழுக்குப் பெற்றுத் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர் இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று உரிமை கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண் திருமுழுக்குப் பதிவேட்டைக் கண்டு அஞ்சினால், அவளுடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று பீடத்தில் நின்று சொல்வது அநியாயம். கோயிலுக்குள் சமமாக நடத்தாமல், வெளியே சலுகையும் இல்லாமல், ஞாயிறு வருகையை மட்டும் கேட்பது எந்தக் கணக்கில் சேரும்?

கிறிஸ்தவர் அல்லாதவரைத் திருமணம் செய்தால் கோயிலோடு உறவு முடிந்ததா?

முடியவில்லை. ஆயரிடம் விதிவிலக்கு பெற்று, திருமுழுக்குப் பெறாதவரோடும் கோயிலிலேயே மணம் முடிக்கலாம். கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குறுதி அளிக்க வேண்டும். அந்த வாக்குறுதியை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். அவர் மதம் மாற வேண்டியதில்லை. இது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாததால், "ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம்" என்று பெரியவர்களே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

நாட்டுச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. மணமக்களில் ஒருவராவது கிறிஸ்தவராக இருந்தால் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொருந்தும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை. பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்கள் திருவருள்சாதன முறைப்படி அதை ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் பங்குத்தந்தையை அணுகலாம். மூன்று ஞாயிறுகள் கோயிலில் திருமண அறிவிப்பு செய்கிற ஓலை வாசிப்பதில் வீட்டுக்குச் சங்கடம் இருந்தால் அதையும் அவரிடம் முன்னதாகச் சொல்லலாம்; தக்க காரணத்துக்கு விலக்கு உண்டு.

பெண் பிள்ளைகள் கேட்பது என்ன?

பாடற்குழுவும் பூ அலங்காரமும் போதும் என்று அவர்கள் இனி நினைப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண் பேராயரானார். தமிழ் லுத்தரன் திருச்சபையிலும் பெண்கள் குருவாக அபிஷேகம் பெற்றிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களைக் குருவாக்குவதில்லை, ஆனால் வாசகர், பீடத்துணைவர் பணிகளை அவர்களுக்கும் நிலையாக அளிக்கலாம் என்று 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தினார். அந்த அனுமதி எத்தனை கிராமக் கோயில்களின் பீடம் வரை ஏறியிருக்கிறது என்பதை வாசகர்களே தம் பங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கீர்த்தனைகளை விட்டுக் கிட்டார் பாட்டுக்கு மாறினால் வருவார்களா?

சிலர் வருவார்கள், பாட்டுக்காக வந்தவர்கள் வேறிடத்தில் நல்ல பாட்டு கிடைத்தால் போய்விடுவார்கள். ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற இசை ஆய்வு நூலை வெளியிட்ட தஞ்சாவூரில், இசையைப் பற்றி நாம் இவ்வளவு சோம்பலாக இருக்க வேண்டியதில்லை. கீர்த்தனையைத் தாளமில்லாமல் இழுத்து இழுத்துப் பாடினால் எனக்கே தூக்கம் வருகிறது. ராகம் இன்னது, தாளம் இன்னது என்று சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளிடமே மிருதங்கத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

"கடவுள் எங்கே இருந்தார்?" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

நாகப்பட்டினம் கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு தேதி உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் திருவிழா முடித்து நின்ற திருப்பயணிகளையும், தரங்கம்பாடி முதல் நாகூர் வரை மீனவக் குடும்பங்களையும் கடல் வாரிக்கொண்டு போனது. அன்று மடியில் இருந்த குழந்தைகள் இன்று வாலிபர்கள். உறவில் யாரையாவது பறிகொடுத்த ஒருவர் மறைக்கல்வி வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டால், "கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு" என்று வாயை அடைப்பவரைப் பிறகு அவர் எதற்குமே தேடி வரமாட்டார்.

என் வகுப்பில் ஒருவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். பிறகு யோபு ஆகமத்தைத் திறந்து, யோபு கடவுளிடம் வாதாடுகிற பகுதிகளை மட்டும் வாசித்தோம். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைத்தான் ஆண்டவர் கடைசியில் கடிந்துகொள்கிறார் என்பதையும் வாசித்தோம். அவன் தொடர்ந்து வந்தான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சில மாதங்களில் நின்றுவிட்டான். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிடுவான்.

கைபேசியில் திருப்பலி பார்த்தால் போதாதா?

நோயாளிக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும், கோயில் இல்லாத இடத்தில் வேலை செய்பவருக்கும் அது பெரிய உதவி. 2020-ல் வேளாங்கண்ணித் திருவிழாவே பக்தர்கள் இல்லாமல் நடந்தபோது நாம் எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம். வரக்கூடியவருக்கு அது ஈடாகாது. நற்கருணையைத் திரை வழியாக வாங்க முடியாது.

ஆறேழு ஆண்டுகளாகக் கோயில் பக்கம் போகவில்லை. இப்போது திருமுழுக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது. போனால் திட்டுவார்களா?

திட்டலாம். பல வாலிபர்களுக்குத் திருச்சபையோடுள்ள உறவு பிரசங்கத்தால் தீர்மானமாவதில்லை, அலுவலக மேசைக்கு முன்னால் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். "சான்றிதழுக்கு மட்டும்தான் கோயில் கண்ணுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து, நிலுவை வரிக் கணக்கை எடுத்து வைத்த ஒரு மேசையிலிருந்து வெளியே வந்த பெண், பிறகு தன் குழந்தையின் திருமுழுக்குக்கு வேறு ஊர்க் கோயிலைத் தேடிப் போனாள். அதே வட்டாரத்தில் இன்னொரு பங்குத்தந்தை ஏட்டைத் திறந்து, "பார் தம்பி, உன் ஞானத்தாய் கையெழுத்து" என்று காட்டினார். வந்த பையன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனான்.

நடைமுறைக்கு வருவோம். திருமுழுக்கு நடந்த கோயிலுக்கே போக வேண்டும், இப்போது வசிக்கும் பங்கில் அந்த ஏடு இருக்காது. பிறந்த தேதி, திருமுழுக்குத் தேதி அல்லது குறைந்தது ஆண்டு, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போனால் ஏட்டில் தேடுவது எளிது. வீட்டில் பேசும் பெயரும் திருமுழுக்குப் பெயரும் வேறாக இருக்கலாம், அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்த நேரத்தில் அலுவலகத்தில் கூட்டமாக இருக்கும். வார நாளில், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. நிலுவை வரியைப் பற்றிக் கேட்டால், கட்ட முடிந்ததைக் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கட்ட முடியாவிட்டால் அதை வெட்கமில்லாமல் சொல்லுங்கள், சான்றிதழை அதற்காக நிறுத்தி வைப்பது முறையன்று.